ஊசி பிடிக்கும் கை

ஊசியைக் கொண்டு உழைத்து உண்போர் நம் நகரிலே பலர். ஜம்பட்டா வீதியில் சட்டைக்குக் காஜா எடுக்கும் தையற்காரர் ஊசி பிடிக்கின்றார். செட்டியார் தெருவில் குழந்தையின் காதைத் துளையிடும் பத்தர் ஊசி பிடிக்கின்றார். ஆஸ்பத்திரியிலே தாதி ஊசி பிடிக்கின்றாள். காவடி எடுப்பவரின் முதுகில் செடில் ஏற்றும் பெரியவரும் ஒருவகையில் ஊசி பிடிப்பவரே. இவர்களுள் எவரும் தம் தொழிலைச் சொல்லக் கூசுவதில்லை. ஆனால், மனிதத் தோலிலே கோலம் இடுவதற்காக ஊசி பிடிக்கப் போகிறேன் என்று பிள்ளை வாய் திறந்தால் மட்டும் நம்மவர் முகம் சுளிக்கின்றனர். வெள்ளவத்தையில் ஒரு வீட்டு மகன், கணக்கியல் வகுப்பை விட்டுவிட்டுப் பச்சை குத்தப் பழகப் போவதாகச் சொன்னால் அன்று அவ்வீட்டில் அடுப்பு எரியாது. கொட்டாஞ்சேனையில் ஒரு மகள் அதையே சொன்னாலோ, அயலார் அனைவரும் புத்திமதி கூற வாசலுக்கு வந்துவிடுவர்.

நாம் கொட்டாஞ்சேனையில் இத்தொழிலைப் பழகி, வெள்ளவத்தையில் அதனாலே வயிறு வளர்ப்பவர். பழக விரும்பும் இளைஞர் பலர் நம்மிடம் வந்து, எந்த இயந்திரத்தை வாங்கலாம் என்றே முதலில் கேட்கின்றனர். இயந்திரத்தைப் பற்றிக் கூறுமுன் கூறவேண்டியவை சில உள்ளன. அவற்றையும் சேர்த்து இங்கே எழுத முற்படுகின்றோம். இலக்கிய ஏட்டில் இதற்கு என்ன வேலை என்று வினவுவோர் இருக்கலாம். உழைப்பவரின் கையைப் பற்றிப் பேசுவதற்கு இதனினும் தகுந்த இடம் வேறு உண்டோ என்பதே நம் விடை.

பச்சை குத்துதல் மேனாட்டிலிருந்து நேற்று வந்த மோகம் என்று எண்ணுவோர் பலர். 1991ஆம் ஆண்டில் ஆல்ப்ஸ் மலைப் பனிக்கட்டிக்குள்ளிருந்து, ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் மாண்ட ஒருவனின் உடல் வெளிப்பட்டது. அவன் தோலில் 61 பச்சைக் குறிகளை எண்ணினர். அத்தனை தூரம் போவானேன்? நம் பாட்டிமாரின் முன்கைகளைப் பார்த்தாற் போதும். கோப்பித் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்குமாகத் தமிழகத்திலிருந்து கொணரப்பட்ட உழைக்கும் பெண்கள், புள்ளிக் கோலத்தையும் தேளையும் மீனையும் கைகளில் சுமந்தே இத்தீவில் இறங்கினர். நகையைக் கங்காணி பறிக்கலாம், அடகுக் கடை விழுங்கலாம்; பச்சையை எவரும் பறிக்க இயலாது என்று அவர்கள் சொல்வதுண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கிய போது, ஊரின் அடையாளம் அவர்கள் தோலில் இருந்தது. நாட்டின் பத்திரம் மட்டும் கையில் இல்லை.

அக்கோலங்களை இட்டவர் குறத்தியர். சென்னை அரும்பொருட் காட்சியகத்தின் தலைவராக விளங்கிய எட்கார் தேர்ஸ்டன், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட நூல்களில் அவர்களுடைய தொழில்முறையைக் குறித்து வைத்திருக்கின்றார். மஞ்சட்பொடியையும் அகத்தியிலையையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியிலே பரப்பி, அதைத் திரியாக உருட்டுவர். அத்திரியை ஆமணக்கெண்ணெய் விளக்கில் இட்டு எரித்து, மேலே புதிய மண்சட்டியைக் கவிழ்ப்பர். சட்டியின் உட்புறத்திற் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ நீரிலோ குழைத்தால் மை ஆயிற்று. மெல்லிய ஊசிகள் மூன்று நான்கை நூலாற் கட்டினால் கருவி ஆயிற்று. ஒரு புள்ளிக்குக் காலணா. பெரிய கோலத்துக்குப் பன்னிரண்டணா வரை கூலி. காசில்லாத ஊரில் தானியம். குத்தப்படும் பெண் நோவினால் துடிக்கையில், வலியை மறக்கச் செய்யும் பாட்டொன்றைக் குறத்தி பாடிக்கொண்டே குத்துவாளாம்.

இவ்விவரத்தை ஊன்றி நோக்கினால், இன்று டாட்டூக் கடையொன்றிலே உள்ளவை யாவும் அங்கே இருந்தமை புலப்படும். மை உண்டு, ஊசித்தொகுதி உண்டு, காட்டித் தெரிவு செய்யக் கோல வரிசை உண்டு, விலைப்பட்டியல் உண்டு, நோவைத் தணிக்கும் வழியும் உண்டு. பயிற்சியும் உண்டு; தாயின் பக்கத்தில் அமர்ந்து மகள் பல ஆண்டுகள் கரி சுரண்டிய பின்னரே ஊசியைத் தொட்டிருப்பாள். ஆயினும், குறத்தியைக் கலைஞர் என்று எவரும் அழைக்கவில்லை. திண்ணைக்கு மேலே அவளை ஏற்றவுமில்லை. மாறாக, 1871இல் ஆங்கில ஆட்சி இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இன் பின் சென்னை மாகாணத்துக்கும் விரிக்கப்பட்ட போது, குறவர் குடிகள் பலவும் பிறவிக் குற்றவாளிகளாகப் பதியப்பட்டன. ஊர் ஊராய் நடந்து வாழ்ந்தவர்கள், ஊரைவிட்டு நகரப் பொலிஸாரின் அனுமதியை வேண்டி நின்றனர். நம் பெற்றோரின் முகச்சுளிப்புக்கு வேர் இங்கேதான் இருக்கின்றது. ஊசியின் மேலுள்ள அருவருப்பு அன்று அது. அதைப் பிடித்த கையின் சாதியின் மேலுள்ள அருவருப்பு.

இலங்கையிலும் வனக்குறவர் எனப்படும் சிறு சமூகத்தார் உள்ளனர். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். அம்பாறை மாவட்டத்து அளிக்கம்பை முதலிய இடங்களில் வாழ்கின்றனர். பாம்பாட்டுதலும் கைரேகை பார்த்தலும் அவர்களுடைய பழந்தொழில்கள். பச்சை குத்திக்கொள்ளும் வழக்கமும் அவர்களிடையே உண்டு. சிங்கள மக்களும் இக்குறியைப் ‘பச்ச’ என்றே சொல்கின்றனர் என்பதை இங்கே நினைவு கூர்தல் தகும். மொழியால் மனிதரைப் பிரிக்க முயன்றோர் பலர். இந்தச் சொல்லோ எவரிடமும் அனுமதி கேளாமல் இரு வீடுகளிலும் குடியிருக்கின்றது.

இனி, இயந்திரத்துக்கு வருவோம். 1876இல் தோமஸ் எடிசன், தாளிலே நுண்ணிய துளைகளை இட்டுப் படியெடுப்பதற்கான மின்பேனா ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். காரியாலய எழுதுநரின் சுமையைக் குறைக்கப் பிறந்த கருவி அது. அதன் வழியைப் பின்பற்றி, நியூயோர்க் நகரில் சாமுவேல் ஓறெய்லி என்பார் 1891ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாளில், பச்சை குத்தும் மின்னியந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பின்னர், கையாற் பல மணி நேரம் குத்தியதைச் சிறிது நேரத்திற் குத்த முடிந்தது. மாலுமிகள் இக்கலையைத் துறைமுகந்தோறும் கொண்டு சென்றனர். கொழும்புத் துறைமுகத்தின் வாயிலிலே கிடக்கும் கொட்டாஞ்சேனைக்கு, முன்கையில் நங்கூரம் பொறித்த மாலுமி புதியவர் அல்லர்.

இன்றைய இயந்திரங்கள் பெரும்பாலும் இருவகைப்படும். முதல்வகையில், வீட்டு அழைப்புமணியில் உள்ளது போன்ற மின்காந்தச் சுருள்கள் இரண்டு இருக்கும். அவை ஓர் இரும்புத் துண்டை இழுத்தும் விட்டும் ஊசியை மேலும் கீழும் ஓட்டும். எடை மிகுந்தது, ஓசை மிகுந்தது, அடிக்கடி சீர்செய்ய வேண்டுவது. ஆயினும், அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவனுக்கு ஊசியின் போக்கு விரல் நுனியில் விளங்கும். மற்றைய வகையில் சிறிய மோட்டார் ஒன்று சுழன்று ஊசியை இயக்கும். பேனாவைப் போலக் கையில் அடங்குவது; ஓசை குறைந்தது; தொடங்குபவரின் மணிக்கட்டுக்கு இதமானது. இன்று பழகுவோருக்கு இதையே நாம் பரிந்துரைப்போம். இரண்டுக்கும் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்வழங்கி ஒன்றும், காலால் மிதித்து இயக்கும் விசை ஒன்றும் வேண்டும். மின்கலத்தால் இயங்குவனவும் இப்போது வந்துவிட்டன. மின்வெட்டைக் கண்ட நாட்டிலே அவற்றின் அருமை சொல்லாமலே விளங்கும்.

ஊசிகளின் பெயர்களைத் தொழிலாளர் ஆங்கிலத்திலேயே வழங்குவர். கோடு இழுப்பதற்கு லைனர். இதில் மூன்று, ஐந்து, ஏழு என ஊசிகள் வட்டமாக நெருங்கி நிற்கும். நிழல் தீட்டுவதற்கு ஷேடர்; இதில் அவை சற்று அகன்று நிற்கும். பரந்த இடத்தை நிரப்புவதற்கு மெக்னம். இதில் அவை வரிசையாக நிற்கும். ஒருவருக்குப் பயன்படுத்தியபின் எறிந்துவிடும் காட்ரிட்ஜ் வடிவில் இவை வருகின்றன. மையைப் பொறுத்தவரை, தொடங்குபவருக்கு நல்ல கறுப்பு ஒன்று போதும். ‘பச்சை’ என்று நாம் சொல்வதும் கரியின் கறுப்பே. தோலுக்குள் இருந்து வெளியே தெரிகையில் அது நீலம் கலந்த பச்சையாய்த் தோற்றுகின்றது. வண்ண மைகளில் எச்சரிக்கை தேவை. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியில் 4,000க்கு மேற்பட்ட இரசாயனப் பொருள்களைப் பச்சை மையில் கட்டுப்படுத்தியது. முதலில் விலக்களிக்கப்பட்ட ஒரு நீலத்தையும் ஒரு பச்சையையும் 2023இல் அவற்றோடு சேர்த்தது. அங்கே விலக்கப்பட்ட புட்டி இங்கே மலிவாக விற்கப்படலாம் என்பதை வாங்குபவர் மறத்தலாகாது.

இவற்றோடு, படத்தைத் தோலுக்கு மாற்றும் ஸ்டென்சில் தாள், மழிக்கும் அலகு, கையுறை, கிருமிநீக்கி, மேசையையும் இயந்திரத்தையும் சுற்றிக் கட்டும் மெல்லிய பிளாஸ்டிக் உறை, பயன்படுத்திய ஊசிகளை இடும் தடித்த பெட்டி ஆகியவை வேண்டும். இவை யாவும், அல்லது இவற்றுள் பல, ஒரே பெட்டியில் அடைபட்டுப் பார்சலாக வீட்டு வாசலுக்கு வந்துசேரும் காலம் இது. 2022இல் டொலரின் விலை 200 ரூபாயளவிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறிய போது, ஒவ்வோர் ஊசியும் கையுறையும் நம் கணக்கைக் கலக்கின. அப்போதுதான் அந்த மலிவுப் பெட்டிகளின் மேல் இளைஞரின் கண் அதிகம் விழுந்தது. அப்பெட்டியில் வரும் இயந்திரத்தைக் கொண்டு றப்பர்த் தோலில் பழகலாம். அதில் வரும் மையையும் ஊசியையும் மனிதர் உடலிற் பயன்படுத்தலாகாது. அவை எங்கே செய்யப்பட்டவை, கிருமி நீக்கப்பட்டவையா என்பதற்கு எந்தச் சான்றும் அப்பெட்டியில் இராது.

கருவிகளை வாங்கிவிட்டால் தொழில் வந்துவிடும் என்று எண்ணுதல் கூடாது. நாம் பழகியதற்கு இரண்டு ஆண்டுகள் சென்றன. முதல் ஆறு திங்களும் இயந்திரத்தைத் தொட ஆசிரியர் விடவில்லை. தாளும் பென்சிலுமே நம் கையில் இருந்தன. நேர்கோடு, வட்டம், எழுத்து, மீண்டும் நேர்கோடு. மூச்சை நிதானமாக விட்டவாறே ஒரு கோட்டைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை நடுங்காமல் இழுத்துவிட்டால், அன்றைய நாள் நல்ல நாள். மாலையில் நிலத்தைக் கழுவுதல், மேசையைத் துடைத்தல், குப்பையைப் பிரித்தல் ஆகியன நம் கடமை. இவை எடுபிடி வேலைகள் என்று அப்போது மனம் பொருமியதுண்டு. தொழிலின் பாதி அவையே என்பதைப் பின்னர் உணர்ந்தோம்.

அதன்பின் தோடம்பழத்தின் தோல்; அதன்பின் றப்பர்த் தோல்; அதன்பின் இறைச்சிக் கடையில் வாங்கிய பன்றித்தோல்; அதன்பின் நம் சொந்தத் தொடை. பிறர் உடலைத் தொடுமுன் தன் உடலிலே ஒரு கோட்டையேனும் இழுத்துப் பார்த்தவனுக்கு, நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் நோவு வெறும் செய்தியாக இராது. மேற்றோல் ஏறத்தாழ ஒரு திங்களில் உதிர்ந்து புதிதாகும். ஆதலால், மை அதற்குக் கீழே, ஒன்று முதல் இரண்டு மில்லிமீற்றர் ஆழத்தில் உட்தோலிலே இறங்க வேண்டும். ஆழம் குறைந்தால் மை உதிர்ந்துவிடும். மிகுந்தால் கோடு கலங்கித் தண்ணீரில் விழுந்த மைத்துளி போலப் பரவும். அங்கே இறங்கிய மையை உடலின் காவற் கலங்கள் பகையென்று கருதி விழுங்குகின்றன. ஒரு கலம் இறக்கையில் அது விட்ட மையை அடுத்த கலம் ஏற்றுக்கொள்கின்றது என்று, பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் 2018இல் எலிகளைக் கொண்டு காட்டினர். அழியாத பச்சை என்று நாம் சொல்வது, உடல் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றும் ஒரு சுமை எனலாம்.

பயிற்சியிலே இன்னுமொரு குறை உண்டு. கிடைக்கும் பாடங்களிற் பெரும்பாலானவை வெண்தோலை முன்வைத்து எழுதப்பட்டவை. நம்மவர் தோலின் மாநிறத்தில் மஞ்சளும் வெள்ளையும் சில ஆண்டுகளில் மங்கிவிடும். மிக நுண்ணிய கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். தழும்பு தடித்து எழும் தன்மையும் நம்மிடையே மிகுதி. எனவே, கோடுகளுக்கிடையே தாராளமாக வெளிவிட்டு, கறுப்பையே நம்பி வரைதல் நன்று. குறத்தியரின் கோலங்களை நோக்குங்கள். புள்ளிகள் பெரியன, கோடுகள் தடித்தன, இடைவெளிகள் அகன்றன. ஐம்பது ஆண்டுகள் வெயிலிற் கொழுந்து கொய்த கையிலும் அக்கோலம் அடையாளம் தெரிகின்றது. நம் தோலுக்குரிய பாடத்தை அவர்கள் அன்றே எழுதி வைத்துவிட்டனர், நாம்தான் வாசிக்கவில்லை.

அவர்கள் அறியாதது ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாக் கிருமியை அவர்கள் அறியார். ஒரே ஊசி பல கைகளில் ஏறியது. இன்று அந்த அறியாமைக்கு எவருக்கும் உரிமை இல்லை. செங்கண்மாரியை உண்டாக்கும் ஹெப்படைட்டிஸ் பி கிருமி, காய்ந்த இரத்தத்திலே ஏழு நாள்களேனும் உயிர்த்திருக்கும். ஹெப்படைட்டிஸ் சி, எச்.ஐ.வி. ஆகியனவும் இரத்தத்தால் தொற்றுவன. வெந்நீரில் ஊசியை அலசிவிட்டேன் என்பது விடையாகாது. மீண்டும் பயன்படுத்தும் உலோகப் பகுதிகளை ஓட்டோகிளேவ் என்னும் நீராவி அழுத்தக் கருவியில் 121 பாகை வெப்பத்திலே குறைந்தது 15 நிமிடம் வைத்தல் வேண்டும். ஊசியோ ஒருவருக்கு ஒன்று; புட்டியிலிருந்து சிறு கிண்ணத்தில் ஊற்றிய மையில் எஞ்சியது குப்பைக்கு. இலங்கையில் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி 2003இலேயே தேசியத் தடுப்பூசித் திட்டத்திற் சேர்க்கப்பட்டது. அதற்குமுன் பிறந்தவர்கள் இத்தொழிலுக்கு வருமுன் அதன் மூன்று ஊசிகளையும் ஏற்றிக்கொள்ளல் வேண்டும். முதன்முதலில் வாங்க வேண்டிய கருவி எது என்று கேட்போருக்கு இதுவே நம் விடை: பிறரைக் குத்துமுன் நீங்கள் குத்திக்கொள்ளும் ஊசி.

இத்தொழிலின் பொருளாதாரத்தையும் மறைத்தலாகாது. காலி வீதியோரத்துக் கண்ணாடிக் கடைகளிலே குளிரூட்டி ஓடுகின்றது. சுவரிலே வண்ணப்படங்கள் தொங்குகின்றன. ஆனால், ஊசி பிடிப்பவர் பெரும்பாலும் கடைக்கு உடையவர் அல்லர். நாம் அறிந்த கடைகளிலே கூலியிற் பாதி கடைக்காரருக்குப் போகும். மையும் கையுறையும் சில இடங்களில் தொழிலாளி தலையில் விழும். பழக வருபவருக்குச் சம்பளம் இல்லை. பழகுவதற்குப் பணம் கேட்போரும் உளர். வறிய வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு ஆண்டுகள் ஊதியமின்றி நிற்க வழி ஏது? எனவே அவன் மலிவுப் பெட்டியை வாங்கி, தன் அறையிலேயே, தன் நண்பனின் தோளிலேயே தொடங்குகின்றான். நோய் அங்கே பிறக்கின்றது. அவனை ஒழுக்கமில்லாதவன் என்று ஏசுவது எளிது. கற்பதற்கான வாயிலை அவனுக்கு அடைத்தவர் யார் என்று கேட்பதே நியாயம்.

இதுவரை கூறியவை எந்த நகரத்துக்கும் பொருந்தும். கொழும்பில் ஊசி பிடிப்பவர் மேலும் ஒன்றை அறிதல் வேண்டும். இந்நகரிலே மனித உடல் பலமுறை பகைவரின் புத்தகமாக வாசிக்கப்பட்டிருக்கின்றது. 1958இலும் 1983 ஜூலையிலும் நெற்றிப் பொட்டையும் காதின் துளையையும் பார்த்தே இன்னார் இனத்தார் என்று தீர்த்தனர் என, அந்நாள்களைக் கடந்தவர்கள் இன்றும் கூறுவர். போர்க்காலத்தில் வெள்ளவத்தை லொட்ஜுகளிலும் கொட்டாஞ்சேனை வாடகை அறைகளிலும் நள்ளிரவிற் கதவு தட்டப்பட்டது. இளைஞரின் சட்டையைக் கழற்றித் தழும்பு தேடினர். 2007 ஜூன் 7ஆம் நாளன்று, லொட்ஜுகளிலிருந்த 370க்கு மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரைவிட்டு அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது. தழும்பு குற்றச்சான்றாகக் கொள்ளப்பட்ட ஊரிலே, தோலில் எழுதுவது விளையாட்டன்று.

அரசாங்கங்களும் ஊசி பிடித்ததுண்டு என்பதை வரலாறு கூறும். இந்தியாவில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1849 வரை ஆங்கில ஆட்சி, கடுந்தண்டனை பெற்ற கைதிகளின் நெற்றியிலே அவர்தம் குற்றத்தைப் பச்சையாகக் குத்தியது. ஜெர்மன் நாஜிகள் 1941 முதல் ஆவுஷ்விற்ஸ் முகாமிலே மனிதரின் உடலில் எண்ணைக் குத்தினர். அதே ஊசி, அதே கரி. வேறுபாடு ஒன்றுதான்: உடலுக்குரியவரை எவரும் கேட்கவில்லை. எனவே, எம் தொழிலின் அறம் முழுவதும் ஒரு சொல்லில் அடங்கும் என்றால், அச்சொல் சம்மதம். குடித்திருப்பவருக்கும் பதினெட்டு நிரம்பாதவருக்கும் நாம் குத்துவதில்லை. காதலரின் பெயரைக் கேட்டு வருவோரை ஒரு வாரம் கழித்து வரச் சொல்கின்றோம், பலர் வருவதில்லை. புத்தர் உருவைக் கேட்போருக்கு நாட்டு நிலைமையை எடுத்துச் சொல்கின்றோம். 2014 ஏப்ரலில், கையில் புத்தரைப் பச்சை குத்தியிருந்த பிரித்தானியத் தாதி ஒருவர், கட்டுநாயக்கவில் வந்திறங்கியதும் கைதாகி நாடு கடத்தப்பட்டார். 2017 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது எனத் தீர்த்து, இழப்பீடும் செலவுமாக 8 இலட்சம் ரூபாய் வழங்கப் பணித்தது. வெளிநாட்டவருக்கு நீதி கிட்ட மூன்றாண்டுகள் சென்றன என்றால், கொட்டாஞ்சேனை இளைஞனுக்கு எத்தனை ஆண்டுகள் செல்லும் என்பதை வாசகரே கணித்துக்கொள்ளலாம்.

எம்மிடம் வருவோர் எல்லாரும் நாகரிக மோகத்தால் வருகின்றார்கள் என்று நினைத்தல் தவறு. வன்னியிலிருந்து வந்து வெள்ளவத்தைத் துணிக்கடையொன்றில் வேலை செய்யும் பெண்ணொருத்தி ஒருநாள் வந்தாள். முன்கையிலே, 2009இல் ஷெல் துண்டு பாய்ந்த நீண்ட தழும்பு. “அண்ணா, இதைக் காணுற எல்லாரும் கதை கேட்கினம். ஒவ்வொரு நாளும் சொல்ல ஏலாது. மறைக்கேலுமோ?” என்றாள். தழும்பின் மேல் மை சீராக ஏறாது. ஆறி முதிர்ந்த தழும்பானால் மட்டுமே அதைத் தொடலாம். அப்போதும் இழுத்த கோடு இழுத்தபடி நிற்கும் என்று உறுதி கூற இயலாது. அதை அவளுக்கு விளக்கினோம். மறைப்பதற்குப் பதிலாகத் தழும்பையே காம்பாகக் கொண்டு ஒரு கொடியை வரையலாம் என்றோம். நீண்ட நேரம் யோசித்து, இரு கிழமைகள் கழித்து வந்து சம்மதித்தாள். இப்போது கேட்பவருக்குக் கொடியின் கதையைச் சொல்கின்றாளாம்.

வேறொரு நாள், மலையகத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் தங்கிப் படிக்கும் மாணவி, மங்கிய புகைப்படம் ஒன்றைக் கொண்டுவந்தாள். “அப்பாயி கையில இருந்தது இதுதாங்க. அவங்க போயிட்டாங்க. இதே மாதிரி எனக்கு வேணும்” என்றாள். படத்திலிருந்த புள்ளிகளை எண்ணித் தாளிலே வரைந்து பார்த்தோம். இரண்டு இடங்களிற் கோடு எப்படித் திரும்பியது என்று விளங்கவில்லை. அவள் தாயைத் தொலைபேசியில் அழைத்தாள். தாய் வாயாற் சொல்ல, மகள் விரலால் காட்ட, நாம் பென்சிலால் இழுத்தோம். கொழுந்து கூடையைச் சுமந்த கையின் கோலம், பல்கலைக்கழகப் புத்தகத்தைச் சுமக்கும் கைக்கு வந்தது. அக்கோலத்தை முதலில் இட்ட குறத்தியின் பெயரை அறிந்தவர் எவருமிலர். அவளுக்குரிய மரியாதையை நாம் வேறு எவ்வாறு செலுத்துவது? அவளைப் போல் அவள் மகளும் திண்ணைக்கு வெளியே நிற்கலாகாது என்று வற்புறுத்துவதைத் தவிர வேறு வழி இல்லை.

ஆதலின், செய்யத்தக்கவை சிலவற்றைக் கூறி முடிக்கின்றோம். அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையங்களிலே முடிதிருத்துவதற்கும் ஒப்பனைக்கும் பாடம் இருத்தல் போல, பச்சை குத்துவதற்கும் முறையான பாடம் வேண்டும். அதிலே முதற்பாடம் நுண்கிருமியியலாக இருத்தல் வேண்டும். மாநகர சபையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், உணவகச் சமையலறையைப் பார்ப்பது போல எம் மேசையையும் ஊசிப் பெட்டியையும் பார்க்க வரவேண்டும். நல்ல தொழிலாளி அவரை அஞ்சமாட்டான், வரவேற்பான். பழகுநருக்குப் பிழைக்கக் கூலி வேண்டும். ஊசி பிடிப்போருக்கு ஒரு சங்கம் வேண்டும். கோலங்களைக் காப்பதற்கு, மலையகத்து மூதாட்டியரின் கைகளையும் வனக்குறவரின் கைகளையும் இன்றே படமெடுத்துப் பதிவு செய்தல் வேண்டும். அக்கைகள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன.

பழக விரும்பும் இளைஞருக்கு இறுதியாக ஒன்று. இயந்திரம் எங்கும் கிடைக்கும். மை கடல் கடந்து வரும். படத்தைக் கண்ணாடித் திரையிலே எவரும் காட்டுவர். உங்கள் முன் அமர்ந்து, கையை நீட்டி, கண்ணை மூடிக்கொள்ளும் மனிதரின் நம்பிக்கை மட்டும் எந்தக் கடையிலும் கிடையாது. அதை ஏற்கத் தகுந்த கையை ஆக்கிக்கொள்ளுங்கள். நகத்தை வெட்டுங்கள், கையைக் கழுவுங்கள், தாளை எடுத்து முதற்கோட்டை இழுங்கள். உங்கள் தொழிலை எவரேனும் இழித்துப் பேசினால், இத்தொழிலை இந்நாட்டுக்குக் காலிலே நடந்து கொண்டுவந்தவர்கள் யார் என்பதைத் தலைநிமிர்ந்து எடுத்துச் சொல்லுங்கள்.